மூணு புள்ளி நாகஜோதி

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீட்டு மாடியில் நாகஜோதி தனியாகக் குடியிருக்கிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். காதோர நரையை மறைக்க மெனக்கெடுவதில்லை. பார்க்க ஆளிருந்தால்தானே மறைக்க வேண்டும். என்ன வேலை என்று யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். ஒருமுறை அண்ணன் இளஞ்செழியன் போனில் விடாமல் நச்சரித்தபோது, ஆர்குமென்ட் அனுப்புகிற வேலை என்றாள். அது நம் குடும்பத்துக்குப் பரம்பரைத் தொழில் ஆயிற்றே, அதற்குமா சம்பளம் தருகிறார்கள் என்று அவன் சிரித்தான். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

காந்திகிராமத்தில் புள்ளியியல் படித்தவள் அவள். சென்னையில் ஒரு நிறுவனம் ஊர் ஊராக ஆளனுப்பி, வீட்டில் எத்தனை பேர், என்ன சமைத்தீர்கள், எதைக் கொண்டு பல் விளக்கினீர்கள் என்று கேட்டு வரும். அப்படி வந்து குவிவதைச் சலித்துப் புடைத்து அட்டவணையாக்கிக் கொடுப்பது நாகஜோதியின் பாடு. அதற்கு அவள் எழுதும் மொழியின் பெயர் 'ஆர்'. ஒற்றை எழுத்துப் பெயர். பேசுகிறவர்கள் புள்ளிவிவரக்காரர்கள், அதுவும் விரலால். நம் ஊரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, சடங்கு, மைக்செட், பிரியாணி. அந்த மொழியில் ஃபங்ஷன் என்பது ஒரு வேலையைச் செய்து தருகிற ஆள் மாதிரி. அந்த ஆளிடம் நாம் கொடுக்கும் சாமான்தான் ஆர்குமென்ட்.

யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தெரியாதபோதுதான் வித்தை. காலையில் ஒருத்தர் வயதுவாரியாக வேண்டும் என்பார். மத்தியானம் இன்னொருத்தர் நத்தம் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரி என்பார். ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. ஆகவே கேட்டதையெல்லாம் பெயர் ஒட்டி ஒரு மூட்டையாகக் கட்டி, 'இன்னாரைக் கூப்பிடு, இந்த மூட்டையை அப்படியே கொடு' என்று சொல்லிவிட வேண்டும். அதற்கென்றே 'டூ-கால்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நடுவில் நிற்கிற ஃபங்ஷனுக்கு மூன்று புள்ளி வைத்துவிட்டால் போதும். தன் பெயருக்கு வந்ததை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். மிச்சம் எதுவானாலும் பிரித்துப் பார்க்காமல் அந்தப் புள்ளிகளின் வழியே அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடும்.

இந்த வித்தையில் நாகஜோதி கெட்டிக்காரி. சென்னையில் அவளுக்கு மேலே இருக்கும் முகேஷ்குமார் அவளை 'மூணு புள்ளி மேடம்' என்றுதான் கூப்பிடுவான். அதுவும் எழுத்தில். அவன் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. பகலெல்லாம் திரையில் எழுத்தாக வரும், எழுத்தாகப் போகும். கீழ் வீட்டு குர்ஷித் பேகம் காலையில் படிக்கட்டில் நின்று, "ஜோதி, மோட்டார் போட்டுட்டேன், புடிச்சு வெச்சுக்கம்மா" என்பார். பல நாட்களில் அவளைப் பார்த்து ஒரு மனிதர் வாய்திறந்து பேசுவது அந்த ஒரு வாக்கியம்தான். அதற்காகவே அவள் சீக்கிரம் எழுந்து பல் விளக்கி, தலையை ஒதுக்கிக்கொண்டு நிற்பாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் மல்லிகையும் சம்பங்கியும் போடுகிற குடும்பம் அவளுடையது. அப்பா இல்லை. அம்மா ஒச்சம்மாள், அண்ணன், மதினி மூவரும் ஊரில். அக்கா தமிழ்மதி கல்யாணமாகித் திருப்பூரில். நாகஜோதியைக் கடைசியாக நத்தத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கெட்டவரில்லை. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, பேசவும் இல்லை. மாந்தோப்புக்கு நடுவில் வீடு. அந்த வீட்டில் அவள் ஒரு வருஷம் சுவரோடு பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அடித்தான் என்று சொல்லியிருந்தால் ஒச்சம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பாள். பேசவில்லை என்று ஒரு பெண் வாழாமல் வந்து நிற்பதை அவளால் ஊருக்குச் சொல்ல முடியவில்லை. திரும்பிப் போ என்றாள். மகள் மாட்டேன் என்றாள்.

"அப்பச் சரி. இனி நான் கூப்புடாம இந்த வாசப்படிய மிதிக்காத."

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். இந்தச் சேலையில் முறுக்கு கொஞ்சம் கூடுதல். நாகஜோதி அன்றைக்கே திண்டுக்கல்லுக்கு வந்து வீடு பிடித்தாள். அதன் பிறகு வாசப்படியை மிதிக்கவேயில்லை. அம்மா கூப்பிடட்டும் என்று இவள் இருந்தாள். அவளே வரட்டும் என்று அம்மா இருந்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழா, அண்ணன் வீட்டுப் பால்காய்ச்சு என்று என்னவெல்லாமோ வந்து போனது. இரண்டு பேரும் அசையவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஏக்கம்தான். அம்மா ஒருதரம், ஒரே ஒருதரம், வாடி என்று சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்குள் நுழையக் கூடாதவளின் வழியாகத்தான் அந்த வீடே நடந்தது. கரண்ட் பில் கட்டுவது, சிலிண்டர் சொல்வது, அம்மாவுக்கு டாக்டரிடம் டோக்கன் போடுவது எல்லாம் அவள்தான். போதாக்குறைக்கு அண்ணனும் அக்காவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். காரணம் ஒரு ஃபங்ஷன். அக்கா மகள் சடங்குக்கு அடித்த ஃபிளக்ஸ் பேனரில் ஊரில் உள்ள மாமன்கள் பெயரெல்லாம் இருந்தது. சொந்தத் தாய்மாமன் இளஞ்செழியன் பெயரை அச்சுக்காரன் விட்டுவிட்டான். சீர்த்தட்டோடு வந்தவன் பேனரை அண்ணாந்து பார்த்தான், தட்டை இறக்கி வைத்தான், சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து அவன் தமிழ்மதிக்குச் சொல்வதும் தமிழ்மதி அவனுக்குச் சொல்வதும் நாகஜோதியிடம் வந்துதான் திரும்பும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எல்லாரும் அவளிடம் பேசினார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. 'அக்காகிட்ட சொல்லு', 'அண்ணன்கிட்ட சொல்லிரு' என்று தொடங்கும் பேச்சில் நீ சாப்பிட்டாயா என்ற கேள்விக்கு இடம் இருப்பதில்லை.

இந்தத் தை மாதத்தில் ஒச்சம்மாள் படுத்துவிட்டாள். உடம்பில் உப்புச்சத்து இறங்கிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். திண்டுக்கல்லில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கட்டிலுக்குச் சொன்னது, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி அண்ணனுக்கு அனுப்பியது எல்லாம் நாகஜோதி. ஆஸ்பத்திரி வாசல் அம்மா சொன்ன வாசப்படிக் கணக்கில் வராது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. எதிர்த்த டீக்கடை வரைக்கும் போய் நின்றாள். உள்ளே போய், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குப் பிறகு எதை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது என்று பயமாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குக் கூட்டிப்போன மறுநாள் அண்ணன் போன் செய்தான். அம்மா தேவலையாம், பால்காரரிடம் தண்ணீர் கூடுதல் என்று சண்டைகூடப் பிடித்தாளாம். பிறகு சொன்னான்:

"அம்மா பாப்பாவ வரச் சொல்லுதுடி. தமிழுகிட்ட சொல்லிரு."

'அம்மா' என்றதும் அவள் நெஞ்சு துள்ளியது. 'பாப்பாவ' என்றதும் அடங்கிவிட்டது. பாப்பா என்றால் அக்கா மகள் தேவதர்ஷினி. கல்லூரிக்குப் போகிற பெண்தான், ஆனாலும் குடும்பத்துக்கு அவள் பாப்பா. நாகஜோதிக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பெண் என்ன பண்ணிவிட்டாள், வருஷத்துக்கு ஒருதரம் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போவாள், அவளைக் கூப்பிடத் தெரிகிறது. இப்படி நினைத்ததற்காக வெட்கமும் பட்டாள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னாள்.

தமிழ்மதி லேசில் கிளம்புகிறவளா? அண்ணன் வாயால் கூப்பிட்டானா என்று கேட்டாள். பாப்பாவுக்குப் பரீட்சை என்றாள். அம்மா சொன்னது, அண்ணன் சொன்னது, அக்கா சொன்னது என்று நாகஜோதி இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்ததில் வாரம் ஒன்று ஓடிவிட்டது. அதற்குள் ஒச்சம்மாளுக்கு மறுபடி உப்பு இறங்கி, பேச்சு தடுமாற ஆரம்பித்தது. அதைக் கேட்டபிறகுதான் தமிழ்மதி மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் பஸ் ஏறினாள்.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று காலையில் நாகஜோதி ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள். நகரத்துக்கு மட்டும் கேட்ட அட்டவணையில் மாவட்டம் முழுவதுக்குமான எண்கள் வருகின்றன என்று முகேஷ்குமார் எழுதியிருந்தான். நிரல் எங்கும் நிற்காமல் ஓடியது, சிவப்பெழுத்தில் ஒன்றும் கத்தவில்லை. வாய்விட்டு அழுகிற பிள்ளையைத் தேற்றிவிடலாம், இப்படிச் சிரித்துக்கொண்டே கெடுக்கிற பிழைதான் உயிரை வாங்கும். வரிவரியாகப் போய்ப் பார்த்ததில் பிடிபட்டது. அவள் எழுதிய நடு ஃபங்ஷனில் முன்பு 'டைப்' என்று ஓர் ஆர்குமென்ட் இருந்தது. ஒன்று என்றால் கிராமம், இரண்டு என்றால் நகரம், ஒன்றும் சொல்லாவிட்டால் மாவட்டம் முழுவதும். பெயர் விளங்கவில்லை என்று பிற்பாடு அதை 'ஏரியா' என்று மாற்றினாள். எல்லாருக்கும் சொல்லித்தான் மாற்றினாள். ஆனால் சிலர் பழைய பழக்கத்தில் 'டைப் இரண்டு' என்றே மூட்டையில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெயரில் நடு ஃபங்ஷனிடம் இப்போது ஒன்றுமில்லை. இது எனக்கு வந்ததல்ல என்று அது மூன்று புள்ளி வழியே அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டது. அடுத்தது, எண்களை வரிசைப்படுத்திக் கால், அரை, முக்கால் இடங்களில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ரெடிமேட் ஃபங்ஷன். கெட்ட நேரம், அதற்கும் 'டைப்' என்று ஓர் ஆர்குமென்ட் உண்டு. கணக்கை எந்த முறையில் போடுவது என்பதற்கு. தனக்குத்தான் வந்தது என்று அது வாங்கிக்கொண்டது. அனுப்பியவன் நினைத்த ஆள் ஒன்று, வாங்கியவன் வேறு. பெயர் மட்டும் ஒன்றே.

அப்போதுதான் இளஞ்செழியனின் போன் வந்தது. அக்காவோடு நேருக்கு நேர் பேசிவிட்டான் போலிருக்கிறது, குரல் தளர்ந்திருந்தது.

"பாப்பா பக்கத்துலதான் ஒக்காந்துருக்கு. அம்மா அது கையப் புடிச்சுக்கிட்டே, பாப்பாவ வரச் சொல்லு, பாப்பாவ வரச் சொல்லுங்குது. அம்மாவுக்கு நெனவு தப்பிருச்சுடி ஜோதி."

அவன் லைனில் இருக்கிறாயா என்று கேட்டதுகூட நாகஜோதியின் காதில் ஏறவில்லை. தேவதர்ஷினி பிறக்கும்வரை அந்த வீட்டில் பாப்பா என்றால் அது நாகஜோதிதான். கடைக்குட்டி. கல்லூரிக்குத் தாவணி போட்டுக்கொண்டு போனபோதும் அம்மா வாசலில் நின்று, பாப்பா குடை எடுத்துக்கிட்டியா என்று ஊரே கேட்கக் கத்துவாள். அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் அந்தப் பெயர் அங்கே போய்விட்டது. இவள் ஜோதி ஆனாள். அண்ணனுக்கு மறந்துவிட்டது, அக்காவுக்கு மறந்துவிட்டது. இவளுக்கே மறந்துவிட்டதே, அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? நல்ல நினைவோடு, பால்காரரிடம் சண்டை போடுகிற தெம்போடு அம்மா கூப்பிட்டிருக்கிறாள். இவள் அதைக் கையில் வாங்கி, எனக்கில்லை என்று திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் உட்கார்ந்து பொறாமைப்பட்டிருக்கிறாள்.

ஒருவேளை இதுவும் தன் ஆசையாக இருக்கலாம் என்றும் தோன்றியது. சீக்காளியின் பிதற்றலில் தன் பெயரைத் தேடுகிறாளோ என்னவோ. தோன்றினாலும் அவள் கம்ப்யூட்டரை மூடவில்லை, கதவைக்கூடச் சரியாகப் பூட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் வாசப்படியில் ஏறுவதா, நின்று கூப்பிட்ட பிறகு ஏறுவதா என்றே மனம் அடித்துக்கொண்டது. அவள் பிடிவாதத்தின் லட்சணம் அப்படி.

வாசலில் மதினி நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். படியை மிதித்தோமா தாண்டினோமா என்று நாகஜோதிக்கு நினைவில்லை. கட்டிலில் அம்மா பாதியாகிக் கிடந்தாள். கண் மட்டும் பழைய கண். அண்ணனும் அக்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா எழுந்து சித்திக்கு இடம் விட்டது.

"அத்தே, யாரு வந்துருக்கான்னு பாருங்க" என்றாள் மதினி.

ஒச்சம்மாள் திரும்பினாள். நாகஜோதியின் முகத்தையும் நரையையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாகஜோதி குனிந்து, "நான்தாம்மா" என்றாள். அம்மா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இன்னும் உரமாகத்தான் இருந்தது.

"தாயி, நீயாச்சும் சொல்லு. இவுகள்ட்ட சொல்லிச் சொல்லி வாய் நோவுது. பாப்பாவ வரச் சொல்லு."

"அம்மா, பாப்பாதாம்மா வந்துருக்கேன்."

ஒச்சம்மாளுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அறிந்தவர், தெரிந்தவர் யாரிடமோ மகளைப் பற்றிக் குறைசொல்கிற தோரணையில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. ரோசக்காரி. நான் கூப்புடாம வரமாட்டா. அம்மா கூப்புட்டுச்சுன்னு சொல்லு, அம்புட்டுதேன். ஓடியாந்துருவா."

பெஞ்சில் இருந்த அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். இத்தனை வருஷமாகக் காத்திருந்த சொல் வந்துவிட்டது. அது கேட்க வேண்டியவளிடமே வந்தது. ஆனாலும் அம்மாவின் கண்கள் அவளைத் தாண்டி வாசலில் குடையோடு வருகிற ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணை எங்கிருந்து கூட்டி வருவது? நாகஜோதி அம்மாவின் காதருகில் சொன்னாள்.

"சொல்லிட்டேம்மா. கெளம்பிட்டா. பஸ்ஸு ஏறிட்டாளாம்."

"ஏறிட்டாளா?"

"ஆமாம்மா. வந்துருவா."

ஒச்சம்மாளின் முகம் தெளிந்தது. மணிக்கட்டை விட்டாள். பிறகு திடீரென்று மருமகளைத் தேடிக் கழுத்தைத் திருப்பினாள்.

"அவ பசி தாங்கமாட்டா. வந்தவொடனே சோறு போட்டுருங்க. கத்திரிக்கா வெஞ்சனம் வெச்சா தொடமாட்டா. ஒரு முட்டைய ஊத்திக் குடு."

மதினி அடுப்படிக்குப் போனாள். சற்று நேரத்தில் தட்டில் சோறும் மேலே முட்டையும் கொண்டுவந்து நாகஜோதியின் கையில் கொடுத்தாள். ஒச்சம்மாள் வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். நாகஜோதி கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.